கந்தோரில் நான் சொன்ன இரண்டு வசனங்கள்

அந்தக் கந்தோரின், அந்த அரசாங்க அலுவலகத்தின், பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பயத்தினால் அல்ல. பெயரை எழுதினால் வாசிக்கிறவர்கள் அந்த ஒரு கந்தோரை மட்டும் திட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு அது எது என்று சொல்லவும் தேவையில்லை. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற விருப்பமும் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தில் ஒரு பங்கு எனக்கே சேரவேண்டியது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் நான் பொய்யன்.

எங்கள் வீட்டில் பாடசாலையை முழுதாகக் கண்ட முதல் ஆள் நான்தான். அப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் இடம்பெயர்வு; முகாமில் கொஞ்சம் எழுத்துப் பழகியதோடு சரி. நான் உயர்தரம் சித்தியெய்தி, தெற்கில் ஒரு கம்பஸுக்குப் போய், நான்கு வருடம் சிங்களப் பெடியன்களோடு விடுதியில் இருந்து, ஒரு பட்டத்தோடும் சிங்களப் பேச்சோடும் திரும்பி வந்தேன். பட்டத்துக்கு வேலை கிடைக்கவில்லை. சிங்களத்துக்குக் கிடைத்தது. எங்கள் கரையில் யாருக்காவது கந்தோர் அலுவல் என்றால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மழைக்குக் குடை கொண்டுபோவதுபோல எங்கள் ஆட்கள் கந்தோருக்கு ஒரு சிங்களம் தெரிந்த ஆளைக் கொண்டுபோவார்கள். பிறந்த ஊரில், சொந்தப் பெயரையும் விலாசத்தையும் சொல்லுவதற்கு இன்னொருவனின் வாய் வேண்டியிருக்கிறது. இது எத்தனை கேவலம் என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு அது பெருமையாகவே இருந்தது. மடித்த கையுள்ள வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பேன்.

எங்கள் படகு அப்பாவுடையது. அதில் பூட்டியிருந்த எஞ்சினும் வலையும் கிண்ணியாவில் இருக்கும் ஒருவருடையவை. அவர் முஸ்லிம். அப்பாவும் அவரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிடுவதால் எனக்கு அவர் மாமா. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்தே இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தொழில். வெள்ளிக்கிழமை மாமாவுக்காகவும், கோயில் தீர்த்தத்தன்று அப்பாவுக்காகவும் படகு கரையில் கிடக்கும். மாமா என்னை மருமகன் என்பார். "மருமகன் எண்டு வாயாலதான் கூப்பிடுற. குடுக்கிறதுக்கு என்னட்ட பொம்பிளப் பிள்ள இல்ல. அது உன்ட அதிஷ்டமோ என்ட அதிஷ்டமோ தெரியா" என்று, ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் தோன்றியதைப்போல் சொல்லிச் சிரிப்பார். நான் கம்பஸுக்குப் போன அன்று பஸ் நிலையத்துக்கு வந்து உடுக்கிற ஒரு புதுச் சாரத்தை என் பையில் திணித்துவிட்டவர் அவர்.

அவர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன பிறகு அம்மா சொல்லுவா: "சோனி எண்டாலும் நல்ல மனிசன்." சோனி என்பது முஸ்லிம்களை எங்கள் பக்கத்தில் இளக்காரமாகச் சொல்லுகிற சொல். அம்மா அதைப் பாராட்டாகத்தான் சொன்னா. நானும் பாராட்டு என்றே கேட்டு வளர்ந்தேன். எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது கோபம் வந்தால் "தொப்பி பிரட்டியள்", நேரத்துக்கு ஒரு பக்கம் மாறுகிறவர்கள், என்பார்கள். கோபம் இல்லாத நாட்களில் "எண்டாலும் நல்ல மனிசர்" என்பார்கள். இரண்டும் ஒரே வாய்களிலிருந்துதான் வந்தன என்பதை நான் இருபத்தைந்து வயது வரைக்கும் கவனிக்கவில்லை. பட்டம் வாங்கியும் கவனிக்கவில்லை.

போன வருடம், கடல் படுத்துக்கிடக்கிற ஆனி மாதம். தொழிலுக்கு அதுதான் எங்களுக்கு நல்ல காலம். ஒரு காலை, கரைக்குத் திரும்பி வரும்போது எஞ்சின் நின்றுவிட்டது. காற்றும் நீரோட்டமும் படகைத் தள்ளிக்கொண்டுபோய், மிதவைகள் போட்டிருக்கிற தடை எல்லைக்குள் விட்டுவிட்டன. அப்பாவும் மாமாவும் துடுப்பால் வலித்துப் பார்த்திருக்கிறார்கள். ஏலவில்லை. ரோந்துப் படகு ஒன்று வந்து கட்டி இழுத்துக்கொண்டுபோய், அந்தக் கந்தோரின் இறங்குதுறையில் ஒப்படைத்துவிட்டது. ஆட்களை விட்டார்கள். படகும் எஞ்சினும் வலையும் அங்கே. மறுநாள் அடையாள அட்டையோடு வந்து வாக்குமூலம் கொடுக்கவேண்டும். எஞ்சின் பழுதாகி ஒதுங்கினோம் என்று வாக்குமூலத்தில் இருந்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும். தெரிந்துகொண்டே எல்லை தாண்டியதாக இருந்தால் பொருட்களும் போகும், கடலுக்குப் போக விடுகிற பாஸும் போகும்.

அம்மா அப்பாவின் நீளக் காற்சட்டையை அலுமாரியிலிருந்து எடுத்து மினுக்கிக் கொடுத்தா. மாமா கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். தொப்பியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். அதை நான் அன்று கண்டேன். ஏன் என்று யோசிக்கவில்லை.

கந்தோரில் நான்கு கதிரைகள். நான்கும் வெறுமையாக இருந்தன. எங்களை மேசைக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு சிங்களத் தம்பதியை, அவர்கள் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதும், இருக்கச் சொன்னார்கள். அவர்கள் இருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. பாவம், அவர்களுக்கு அது தெரியவேயில்லை. சுவரில் மூன்று மொழியிலும் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. உங்கள் அலுவல்களை உங்கள் மொழியிலேயே செய்துகொள்ளலாம் என்று அது சொல்லியது. அதற்குக் கீழே நாங்கள் ஒன்றரை மணித்தியாலம் நின்றோம்.

அதிகாரி என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். அவர் கத்தவில்லை. முழுநேரமும் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அப்பாவின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முந்தி இவன்கள் குண்டு கொண்டுவந்தான்கள், இப்போது மீன் கொண்டுவருகிறான்களா என்று பக்கத்து மேசையைப் பார்த்துச் சொன்னார். பக்கத்து மேசை சிரித்தது. நானும் சிரித்தேன். விடுதியில் நான்கு வருடம் பழகிய சிரிப்பு அது. யாராவது பகிடி விட்டால், அது என்னைப் பற்றியதாக இருந்தாலும், எல்லோருக்கும் முதல் நான் சிரித்துவிடுவேன். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "எந்த இடம் எண்டு கேக்கிறார் அப்பா" என்றேன். அப்பா எங்கள் இடத்தின் பெயரைச் சொன்னார். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். கேட்காத கேள்விக்குப் பதில் வந்ததில் அதிகாரி புருவத்தை உயர்த்தினார்.

அப்படியே போனது. அவர் அப்பாவை "உம்ப" என்றார். சிங்களத்தில் அது கூட்டாளிக்கும் சொல்லுகிற நீ, மாட்டுக்கும் சொல்லுகிற நீ. அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. நான் அதை "நீங்கள்" ஆக்கி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் எழுத்து வாசிப்பு இல்லாத கூட்டம் என்றதை, "வாசிக்கத் தெரியுமோ எண்டு கேக்கிறார்" ஆக்கினேன். என் அப்பாவின் காதில் ஊத்தை விழாமல் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். அதில் எனக்கு ஒரு கெட்டித்தனமும் தெரிந்தது.

பிறகு மாமாவின் அட்டையை எடுத்தார். பெயரைப் பார்த்ததும் சிரிப்பு கொஞ்சம் மாறியது. முஸ்லிம்களைச் சொல்லுகிற ஒரு கேவலமான சிங்களச் சொல் இருக்கிறது. அதைச் சொல்லி, மீன் பிடிக்க டைனமைட் எறிகிறவன்கள் இவன்கள்தானே என்றார். எல்லைக்குள் போனதும் அதற்குத்தானோ என்றார். அவருடைய பேனை தாளில் வைத்தபடி இருந்தது. டைனமைட் என்று தாளில் விழுந்தால் படகும் போகும், அப்பா உள்ளுக்கும் போகலாம். நான் ஒரு அடி முன்னால் வைத்து, நல்ல சிங்களத்தில், கம்பஸ் சிங்களத்தில் சொன்னேன்:

"சேர், எங்கட ஆக்கள் அப்படியானதுகள் செய்யமாட்டாங்கள். எஞ்சினும் வலையும் அவருடையது."

இரண்டு வசனம். இரண்டாவது வசனம் உண்மை. முதலாவதும் பொய் என்று சொல்லமுடியாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் வீட்டுக் குசினியிலிருந்தே அது என் வாயில் ஆயத்தமாக இருந்திருக்கிறது. இவ்வளவு நாளும் எங்களைத் தள்ளி வைத்த ஒருவனுக்கு முன்னால், எங்களுக்குப் பக்கத்தில் நின்ற மனிதரைத் தள்ளிவிட்டு, எங்களை ஒரு படி மேலே ஏற்றப் பார்த்தேன். அதிகாரி என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார். "மல்லி" என்றார். தம்பி. ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

நான் இருந்தேன்.

அவர் நிறைய நேரம் எழுதினார். மாமாவின் வாக்குமூலம் பிறகு தனியாக எடுக்கப்படும் என்று அவரை வெளியே நிற்கச் சொன்னார். எழுதி முடித்துத் தாளை அப்பாவுக்கு முன்னால் வைத்தார். கையெழுத்துச் சிங்களம், வேகமாக எழுதிய எழுத்து. எனக்கு அச்சில் வந்தால் வாசிக்க வரும். பேச்சு நன்றாக வரும். இந்த எழுத்தில் மூன்றில் ஒரு பங்குகூட எனக்குப் பிடிபடவில்லை. அப்பா தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வாசிச்சனியே?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவர் என்னைப் படிப்பித்தார். எனக்கு வாசிக்க ஏலாது என்று அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, அந்தச் சிரிப்புக்கு முன்னால், அப்பாவிடம் சொல்ல என் நாக்கு எழும்பவில்லை.

"ஓம் அப்பா. சரியாத்தான் எழுதியிருக்கு. வையுங்கோ."

அப்பா கையெழுத்து வைத்தார். தமிழில், ஒவ்வோர் எழுத்தாக. அதிகாரி தாளின் பிரதி ஒன்றையும் படகை விடுகிற கடிதம் ஒன்றையும் தந்தார். எஞ்சினும் வலையும் விசாரணைக்கு இருக்கும் என்றார். பியோன் அவற்றுக்குச் சிவப்புத் துண்டு கட்டினான். வெளியே வந்தபோது மாமா படியில் நின்றார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவேயில்லை. அவர் சிவப்புத் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தான் பஸ்ஸில் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

நானும் அப்பாவும் படகை வலித்துக்கொண்டு திரும்பினோம். வெயில் ஏறிவிட்டது. பாதி வழியில் அப்பா துடுப்பை நிறுத்தினார். தான் இளந்தாரியாக இருந்த காலத்தில் மேற்குக் கரையிலிருந்து பருவத்துக்கு வந்து வாடி போட்டுத் தங்கி மீன் பிடிக்கிற சிங்களச் சம்மாட்டி முதலாளிமாரிடம் ஆறு வருடம் வேலை செய்ததாகச் சொன்னார். அது எனக்குத் தெரியும். அங்கே நாலு சொல்லு பழகியிருப்பார் என்று நினைத்திருந்தேன். அவருக்கு முழுச் சிங்களமும் விளங்கும் என்று எனக்குத் தெரியாது. கந்தோரில் அதைப் பேசமாட்டார். அது வள்ளத்துச் சிங்களம். மேசைக்கு முன்னால் பேசினால் சிரிப்பார்கள் என்று வெட்கம்.

"அவன் என்னைச் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கினது. நீ மாத்தி மாத்திச் சொன்னதும் விளங்கினது. அது பரவாயில்லை, தகப்பனுக்கு நோகக் கூடாதெண்டு செய்தனி. ஆனா மச்சானைக் காட்டிக் குடுத்தியே, அதும் விளங்கினது."

பிறகு வலிக்கத் தொடங்கினார்.

தாளின் பிரதியைப் போனில் படம் எடுத்து, கம்பஸில் என் அறையில் இருந்த ஒரு சிங்களக் கூட்டாளிக்கு அனுப்பினேன். அவன் பின்னேரம் குரல்பதிவு ஒன்று அனுப்பினான். முதலில் தாளை அப்படியே வாசித்தான். எஞ்சின் பழுதானது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எஞ்சினுக்கும் வலைக்கும் சொந்தக்காரர் படகை எல்லைக்குள் கொண்டுபோகச் சொன்னதாகவும், தான் மறுத்ததாகவும், அவர் கட்டாயப்படுத்தியதாகவும் அப்பா சொல்லியிருந்தார். அப்பா சொல்லியிருந்தார்! அன்று முழுவதும் அந்தக் கந்தோரில் அப்பா அதிகாரிக்கு வாய் திறந்து சொன்னது எங்கள் இடத்தின் பெயரும், எஞ்சின் நின்றுபோனதும் மட்டும்தான். பதிவின் கடைசியில் கூட்டாளி கேட்டான்: "இதை ஆருடா அவருக்கு வாசிச்சுக் காட்டினது? நீயும் அங்கதானே நிண்டனீ?"

அந்த அதிகாரியின் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதிக் காட்ட ஏலாது. மேசையைப் புரட்டவேண்டும், அந்தச் சிரிப்பை அடித்து உடைக்கவேண்டும் என்று இருந்தது. ஒரு மனிதனின் வாயில், அவனுக்குத் தெரியாத எழுத்தில், அவனுடைய கூட்டாளிக்கு எதிரான பொய்யை வைத்து, அதற்குக் கீழே அவனையே ஒப்பமிடச் செய்திருக்கிறான். இது ஒரு பெரிய கலவரமில்லை. யாருக்கும் இரத்தம் வரவில்லை. செய்தியில் வராது. ஆனால் இப்படித்தான் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மேசையிலும், சிரித்த முகத்தோடு நடக்கிறது. நாங்கள் வெளியே வந்து "அலுவல் முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். இவ்வளவையும் நினைத்துக் கொதித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பொய்யின் முதல் வசனத்தை எடுத்துக் கொடுத்தவன் நான் என்பதும் கூடவே நின்றது. அதிகாரி எழுதுவதற்கு ஒரு நூல்தான் தேடிக்கொண்டிருந்தார். நான் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கிண்ணியாவுக்குப் போனேன். மாமா வீட்டில் இல்லை. தோப்பூர்ப் பக்கமிருந்து வந்த லொறி ஒன்றிலிருந்து ஒரு கடைக்கு நெல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அப்பாவைவிட இரண்டு வயதுதான் இளமை. முதுகில் சாக்கை விரித்து, மூட்டையை ஏற்றி, குனிந்தபடி ஓடினார். லொறி வெறுமையாகும்வரை நான் எதிர்ப்பக்கம் நின்றேன். அவர் என்னைக் கண்டார், நிறுத்தவில்லை. கடைசி மூட்டைக்குப் பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் தாளில் என்ன இருக்கிறது என்று முழுவதும் சொன்னேன். வாசிக்காமலே அப்பாவைக் கையெழுத்து வைக்கச் சொன்னதையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் என்னை மருமகன் என்று கூப்பிடவில்லை.

"கந்தோரில நீங்க சொன்ன கதை எனக்குப் புதிசில்ல தம்பி. சின்ன வயசில இருந்து கேக்கிறன். பஸ்ஸில கேப்பன், மீன் வாடியில கேப்பன், உங்கட ஒழுங்கையிலயும் கேட்டிருக்கன். உங்கட வாயால கேட்டதுதான் புதிசு."

எங்கள் ஒழுங்கையில் என்று அவர் சொன்னதும் அம்மாவின் குரல் எனக்குக் கேட்டது. தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொல்லுகிற அந்தப் பாராட்டு. இத்தனை வருடமும் படலை தாண்டும் முன்னால் அது அவருக்குக் கேட்டிருக்கிறது. கேட்டுக்கொண்டே அடுத்த கிழமையும் வந்திருக்கிறார்.

நான் திரும்பவும் கந்தோருக்குப் போகவேண்டும் என்றேன். அவர் வேண்டாம் என்றார். பெரிதாக்கினால் உள்ள பாஸும் போகும், எஞ்சின் போனது போகட்டும், தங்கள் ஆட்களுக்கு இந்தக் கந்தோர்களில் வழக்காடி வென்ற பழக்கம் இல்லை என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, மன்னிப்பைத் தன்னிடம் கேட்டு என்ன பயன் என்றார். சொன்ன இடத்தில், சொன்ன அதே ஆளிடம், அன்றைக்குச் சொன்ன அதே சத்தத்தில் சொல்லமுடியுமென்றால் தானும் வருவதாகச் சொன்னார்.

நாங்கள் மூன்று பேரும் அந்தக் கிழமையே போனோம். நான் அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னேன்: அன்று நான் சொன்னது என்னுடைய கதை, அப்பாவுடையது அல்ல. உங்களிடம் நல்ல பெயர் எடுக்க இவரைக் காட்டிக் கொடுத்தேன். அது கேவலமான வேலை. நீங்கள் எழுதியதை நான் வாசிக்கவில்லை, வாசித்ததாக அப்பாவுக்குப் பொய் சொன்னேன். அவர் கையெழுத்து வைத்தது அவர் சொல்லாத கதைக்கு. இப்போது இரண்டு பேரும் தமிழில் வாக்குமூலம் தருவார்கள். அறையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். நான் சத்தத்தைக் குறைக்கவில்லை. நிறுத்தவில்லை.

சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. தமிழ் எழுத ஆள் இல்லை என்றார். நான் சுவரைக் காட்டினேன். அது மேலிடத்திலிருந்து ஒட்டச் சொன்னது என்றார். அப்படியென்றால் மேலிடத்துக்கு எழுதுவோம் என்றேன். படித்த தமிழன்களுக்கு இதுதான் நோய், ஒரு காகிதம் கிடைத்தால் அரசாங்க அதிபராகிவிடுவான்கள் என்று பக்கத்து மேசையைப் பார்த்துச் சொன்னார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, அதே சொற்களில், ஒன்றையும் குறைக்காமல், சத்தமாகத் தமிழில் சொன்னேன். வரிசையில் நின்ற எங்கள் ஆட்களுக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன். ஒருவர் "அப்பிடியே சொன்னவர்?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். சிங்களத்தில். உப்பும் கெட்ட வார்த்தையும் ஊறிய வாடிச் சிங்களம். எஞ்சின் செத்தால் படகு எங்கே போகும் என்று உனக்குத் தெரியுமா, நீ கடலைக் கண்டது இந்தச் சன்னலால்தானே, இந்த மச்சான் இல்லாவிட்டால் நான் இரண்டு தடவை தண்ணிக்குள் தாண்டு செத்திருப்பேன், அதை எழுது என்றார். அப்பா அதிகாரியை உம்ப என்றே சொன்னார். கதிரையில் இருந்த ஒரு சிங்களக் கிழவர், அவரும் கடல்காரராக இருக்கவேண்டும், தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு எழும்பி, அப்பாவை இருக்கச் சொன்னார். அப்பா இருக்கவில்லை. மாமாவைப் பிடித்து இருத்தினார்.

நான்கு மணித்தியாலம் கழித்து, வேறொரு பகுதியிலிருந்து தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்பினார்கள். இரண்டு வாக்குமூலமும் தமிழில் எழுதப்பட்டன. நான் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். முத்திரை குத்தினார்கள்.

வென்றோம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. எஞ்சினையும் வலையையும் விட மூன்று மாதம் எடுத்தார்கள். வலை எலி கடித்து, வெயிலில் இற்றுக் கிடந்தது. எஞ்சினுக்குள் உப்புப் பிடித்திருந்தது. நல்ல கடல் போய்விட்டது, வாடைக்காற்று தொடங்கப்போகிறது. மாமா ஓர் ஆட்டோ பிடித்து எஞ்சினை ஏற்றிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனார். எங்கள் படகில் பூட்டவில்லை. மழை முடியட்டும் பார்ப்போம் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா ஓம் என்றார். அம்மா வீட்டில் அவரைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்க, அப்பா அப்படி ஒரு பார்வை பார்த்தார். அம்மா அந்த வசனத்தை முடிக்கவில்லை. நான் அம்மாவிடம் கத்தினேன். பிறகு, கத்துகிற தகுதி எனக்கு எங்கே இருக்கிறது என்று வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் கத்தாமல், கந்தோரில் நான் சொன்னதைச் சொல்லி, அது எங்கிருந்து வந்தது என்றும் சொன்னேன். அம்மா, "நான் நல்லதெண்டுதானே சொன்னனான்" என்றா. ஓம் அம்மா, அதுதான் பிரச்சினை என்றேன்.

மேலிடத்துக்கு நான் ஒரு முறைப்பாடு எழுதினேன். தமிழில், நான்கு பக்கம். கதிரை, உம்ப, வாக்குமூலம், எலி கடித்த வலை, எல்லாம். என் இரண்டு வசனங்களையும் எழுதினேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது, சிங்களத்தில். தமிழில் சேவை கிடைக்கவில்லை என்ற முறைப்பாட்டுக்குச் சிங்களத்தில் பதில். வெறுப்பில் தாளைக் கசக்கிவிட்டு, பிறகு நீவி எடுத்து, அச்செழுத்து என்பதால் நானே கடைசிவரை வாசித்தேன். விசாரணைக்குத் திகதி போட்டிருந்தார்கள். மூன்று பேரும் வரவேண்டும். ஒருவர் வராவிட்டாலும் விசாரணைக் கோவை மூடப்படும்.

மழைக்குள் கிண்ணியாவுக்குப் போனேன். மாமா கடை விறாந்தையில் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தைச் சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன். வராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொன்னேன். வந்து என்ன கிடைக்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்த அதிகாரி அங்கேயே இருப்பானா என்று கேட்டார். இருப்பார் என்றேன். அவர் கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வாறன்" என்றார். "ஆனா எனக்கு உங்கட சிங்களம் வேணாம் தம்பி. எனக்கும் சிங்களம் தெரியும். என்ட கதைய நானே கதைக்கிறன். நீங்க பக்கத்தில நிண்டு, அவன் என்னத்த எழுதுறான் எண்டு மட்டும் பாருங்க."

சரி என்றேன். அந்தக் கையெழுத்துச் சிங்களத்தை வாசிக்க இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.